மரக்கோலும் வலியைப் போக்கியது

1796-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து மருத்துவர் எலைஷா பெர்கின்ஸ், இரண்டு சிறிய உலோகக் கோல்களுக்குக் காப்புரிமை பெற்றார். விரல் நீளம், ஒரு முனை கூர்மை, அவ்வளவுதான். தனித்துவமான உலோகக் கலவை என்றும், வலிக்கும் இடத்தின் மேல் இழுத்துத் தடவினால் வலி வெளியேறிவிடும் என்றும் சொன்னார். விற்பனை சூடு பிடித்தது. மருத்துவர்கள், பேராசிரியர்கள், பாதிரியார்கள் எனப் பலரும் நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள்.

1799-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த ஜான் ஹேகார்த் என்ற மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. அதே வடிவத்தில் மரத்தில் கோல்கள் செய்து, உலோகம் போலத் தெரியும்படி வண்ணம் பூசி, நாள்பட்ட மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட ஐந்து பேரிடம் சோதித்தார். நால்வர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் அசல் உலோகக் கோல்களால் தடவியபோதும் ஏறத்தாழ அதே பலன்தான்.

ஐந்தே பேரைக் கொண்ட சோதனையை இன்று யாரும் ஆய்வு என்று ஏற்க மாட்டார்கள். ஆனால் கேள்வி சரியானது. ‘குணமானதா?’ என்பதோடு அவர் நிற்கவில்லை, ‘எதோடு ஒப்பிட்டால்?’ என்றும் கேட்டார்.

பெர்கின்ஸை எத்தன் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அதே 1799-இல் நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, தான் தயாரித்த வேறொரு மருந்தை நம்பி அங்கே போனார். அந்தக் காய்ச்சலிலேயே இறந்தும் போனார். தன் சரக்கைத் தானே நம்பிய மனிதராகத்தான் தெரிகிறார். விற்பவர் முகத்தில் நேர்மையைத் தேடுவதால் நமக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

ஒன்றுக்கும் உதவாத பொருள் எப்படி ‘வேலை செய்கிறது’? எதிர்பார்ப்பு வலியைக் குறைக்கும் என்பது பலருக்குத் தெரிந்ததுதான். அதைவிடச் சுவையான காரணம், நாம் அந்தப் பொருளை நாடும் நேரத்தில் ஒளிந்திருக்கிறது. ஒருவருடைய முதுகுவலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவோம். பெரும்பாலும் 4; சில நாள் 2; எப்போதாவது 8. அவர் தைலம் தேடி ஓடுவது எந்த நாளில்? 8-ஆக இருக்கும் நாளில்தான். அடுத்த வாரம் வலி 4-க்கு இறங்கும், தைலம் தடவாவிட்டாலும். பாராட்டு மட்டும் தைலத்துக்குப் போய்ச் சேரும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குள்ளமாக இருப்பதை வைத்து, இந்தச் சராசரிக்குத் திரும்பும் போக்கை 1886-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் விளக்கினார். ஏறி இறங்கும் எந்த நோயும் இதற்கு விலக்கல்ல.

1948-இல் பிரிட்டனில் வெளியான காசநோய் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. 107 நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்து, 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவதில் 14 பேரும் இறந்திருந்தார்கள். மருந்தின் பலன் ஐயமறத் தெரிந்தது. எனக்கு மறக்காதது வேறொரு எண்: மருந்தே பெறாத 52 பேரிலும் 4 பேரின் எக்ஸ்ரே படங்கள் பெரிதும் தேறியிருந்தன. அந்த நால்வர் கையில் யாராவது ஒரு லேகியத்தைக் கொடுத்திருந்தால், நான்கு உருக்கமான விளம்பரங்கள் தயார்.

சதவீதத்திலும் ‘எதோடு ஒப்பிட்டால்?’ என்ற அதே கேள்வியைக் கேட்க வேண்டும். 1995 அக்டோபரில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று பிரிட்டனில் எச்சரிக்கை வந்தது. பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். எதன் இரு மடங்கு? பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருவருக்கு. புதியதில் 7,000 பேரில் இருவருக்கு. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டார்கள். கொடுமை என்னவென்றால், கர்ப்பத்தில் ரத்தக்கட்டி ஆபத்து அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகம்.

‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்ற சமாதானமும் எப்போதும் செல்லாது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கறிகள் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததால், பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களைக் கொண்டு அதை மாத்திரையாகச் சோதித்தார்கள். 1994-இல் வந்த முடிவு தலைகீழ்: மாத்திரை எடுத்தவர்களிடையே அந்தப் புற்றுநோய் 18% அதிகம். (இந்த எண்ணையும் விட்டுவைக்க வேண்டாம்: ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 48 என்பது 56 ஆனது.) காய்கறி உண்பவர்கள் வேறு பல விதங்களிலும் வேறுபட்டவர்கள். வாழ்க்கை முறை முழுவதையும் ஒரு வில்லைக்குள் அடைக்க முடியவில்லை.

முழு உடல் பரிசோதனைத் திட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிக்கையில் ‘இயல்பான அளவு’ என்று இருப்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவில் உள்ள 95% பேரின் அளவு. அதாவது நோயே இல்லாதவர்களில் 5% பேர் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுவார்கள். கோடு போட்ட விதமே அப்படி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்துகொண்டால், நலமாக இருக்கும் ஒருவருக்கு ஏதாவது ஒன்றாவது கோட்டுக்கு வெளியே விழுந்து, அறிக்கையில் தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64%. அதைத் துரத்திக்கொண்டு அடுத்த ஸ்கேன், அதிலே தெரியும் ஏதோ ஒரு புள்ளி, அதற்கு இன்னொரு சோதனை என்று போகும். அறிகுறியோ குடும்பத்தில் நோயோ இருந்து மருத்துவர் எழுதித் தரும் சோதனை வேறு. எண்ணிக்கையைக் காட்டி விற்கப்படும் தொகுப்பு வேறு. ரத்தம் கொடுக்கக் கையை நீட்டும் முன், ‘முடிவு எப்படி வந்தாலும் நான் அடுத்துச் செய்யப்போவது மாறுமா?’ என்று மருத்துவரிடம் கேட்கலாம். மாறாது என்றால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளலாம்.