கேப்சூலைப் பிரித்துக் கஞ்சியில் கலக்காதீர்கள்

ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து எங்கள் மருந்துக்கடைக்கு வந்த ஒரு பெண், மாமனாருக்கு வழக்கமாக வாங்கும் டாபிகாட்ரான் கேப்சூலைக் கேட்டார். "மாமாவுக்கு முழுங்க முடியலைங்க. பிரிச்சுக் கஞ்சியில கலந்துதான் கொடுக்கறேன்" என்றார். சீட்டை மடித்துக்கொண்டே, "அவருக்குப் பல்லு தேய்க்கையில ரத்தமா வருதுங்க, அதுக்கு ஏதாவது பேஸ்ட் இருக்கா?" என்றும் கேட்டார். எனக்குப் பகீரென்றது.

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கு ரத்தம் கட்டிப் பக்கவாதம் வராமலிருக்கத் தரும் மருந்து இது. உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள். அவற்றை மூடியிருக்கும் கூடு ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமர், அதாவது சங்கிலி போல நீண்ட மூலக்கூறுகளால் ஆன பொருள். கூட்டை விட்டுவிட்டு உருண்டைகளை மட்டும் கொடுத்தால், ரத்தத்தில் சேரும் மருந்து சுமார் 75 சதவீதம் கூடிவிடும். டாக்டர் எழுதிய அளவு மாறவில்லை, உடம்புக்குள் போனதோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் பங்கு. பல் தேய்க்கையில் வந்த ரத்தம் அதனால் இருக்கலாம்.

பாலிமர் சேலத்துக்காரர்களுக்கு அந்நியமில்லை. மரவள்ளி மாவும் பாலிமர்தான். பாயசத்தில் பாதி வெந்த ஜவ்வரிசியைப் பாருங்கள்: வெளியே கண்ணாடி போல வழவழப்பு, நடுவில் வெள்ளைப் பொட்டு. அந்த வழவழப்பைத் தாண்டித்தான் தண்ணீர் உள்ளே போக வேண்டும். மெல்ல மெல்ல மருந்து விடும் மாத்திரைகள் பலவும் இப்படித்தான். ஈரம் பட்டதும் பாலிமர் கூழாகி மூடிக்கொள்ள, மருந்து அதன் வழியே கசிகிறது. இடித்துப் பொடித்தால் நாள் முழுக்க வர வேண்டியது ஒரே மூச்சில் வந்துவிடும். (வயிற்றைக் காக்கப் பூச்சு போட்ட 75 மில்லிகிராம் ஆஸ்பிரினையும் அப்படியே விழுங்க வேண்டும்.)

ரத்தம் கட்டாமலிருக்க ஊசியாகத் தரும் இன்னொரு மருந்து ஹெப்பாரின். அதை ரத்தக் குழாயில் ஏற்றினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடும். அதனால் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் துகள்களில் அதைப் பிடித்துவைத்து நிதானமாக விட முயல்கிறார்கள். எதிர்மின் தன்மையுள்ள ஹெப்பாரின், நேர்மின் தன்மையுள்ள கைட்டோசானோடு தானாக ஒட்டிக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், இப்படிப்பட்ட துகள்கள் தொடக்கத்திலேயே ஒரு பங்கைக் குபீரென்று கொட்டிவிடக்கூடும். வேறு மருந்தென்றால் சமாளிக்கலாம், இதிலோ ரத்தக்கசிவு.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. டாபிகாட்ரானுக்கு ஈரம் ஆகாது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில், அட்டையிலிருந்து உரித்து மாத்திரை டப்பாவில் போட்டுவைக்காதீர்கள். வேளைக்கு ஒன்றாக உரியுங்கள்.

அன்று அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டோம். உடனே அழைத்துவரச் சொன்னார். ரத்தப் பரிசோதனை பார்த்து, அதே வேலையைச் செய்யும், ஆனால் பொடித்துத் தண்ணீரில் கலந்து தரக்கூடிய அபிக்சபான் மாத்திரைக்கு மாற்றினார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், திடீரென விட்டால் பக்கவாதம் வரலாம். விழுங்க முடியவில்லை என்றால், பிரிப்பதற்கு முன்னால் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். கூட்டமாக இருந்தாலும் பதில் சொல்லத்தான் நாங்கள் நிற்கிறோம்.