செதுக்கலை நம்பும் முன் உட்புறத்தைப் பாருங்கள்: பழைய ஆங்கிலேய ஓக் பெட்டகங்கள்

சென்ற குளிர்காலத்தில் எங்கள் பட்டறைக்கு ஓர் ஓக் பெட்டகம் வந்தது. முன்பக்கத்தில் மூன்று பலகைகள், மேற்சட்டம் முழுவதும் அரைவட்டப் பூவேலை, நடுப்பலகையில் 1641 என்ற ஆண்டு. அந்த ஆண்டை நம்பியே அதன் உரிமையாளர் பெரிய தொகை கொடுத்து வாங்கியிருந்தார். நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. அதை மூடித் தர வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. நான் மூடியைத் திறந்து, விளக்கை உள்ளே வைத்து, உட்புறத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்கினேன். பழைய ஓக் சாமான் வாங்க நினைக்கும் எல்லோரையும் நான் கேட்டுக்கொள்வதும் இதைத்தான்.

இங்கிலாந்தின் பழைய பெட்டகங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஆறு பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து இரும்பாணி அடித்திருப்பார்கள். பக்கப் பலகைகளின் நார் மேலும் கீழுமாக ஓட, முன்பலகையின் நார் கிடையாக ஓடும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆனால் அகலவாக்கில் ஈரத்திற்கேற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே, ஆணி இறுக்கிப் பிடித்த முன்பலகை சுருங்க வழியில்லாமல் வெடிக்கும். இரண்டாவது வகை இதற்கான விடையாக வந்தது: மரச்சட்டங்களைக் கோத்து, அவற்றின் உள்விளிம்பில் காடி எனப்படும் நீள்பள்ளம் வெட்டி, பலகையைப் பசையோ ஆணியோ இல்லாமல் அந்தக் காடிக்குள் தளர்வாக நிறுத்துவது. பலகை தன் போக்கில் சுருங்கினாலும் சட்டம் அசையாது. இந்த வேலை ஜாயினர் என்ற தனித் தொழிலாளருடையது. லண்டனில் அவர்களுடைய சங்கத்திற்கு 1571-இல் அரச சாசனம் கிடைத்தது. 1632-இல் தச்சர்களோடு எழுந்த வழக்கில், மரச்சட்டம் கோத்தும், புறாவின் வால்போல் விரிந்த பற்களைப் பிணைத்தும் செய்யும் பெட்டகங்கள் ஜாயினர்களுக்கே உரியவை என்று ஆல்டர்மேன்கள் எனப்படும் நகர மன்ற மூத்த உறுப்பினர்கள் தீர்ப்பளித்தார்கள்.

சட்டங்களைப் பிணைப்பது ஒரு மரமுளை. ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி, மற்றதில் வெட்டிய குழிக்குள் செருகுவார்கள். நாக்கில் உள்ள துளையும் குழியின் பக்கங்களில் உள்ள துளையும் நேருக்கு நேர் அமையாமல், நாக்கின் துளை ஒரு மயிரிழை தோள்பக்கம், அதாவது நாக்கு தொடங்கும் அடிப்பக்கம், ஒதுங்கியிருக்கும்படி போடுவதில்தான் நுட்பம் இருக்கிறது. பிளந்து சீவிய கூர்முளையைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கும்போது அது நாக்கை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். பசை தேவைப்படாது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் சட்டம் சுருங்கிவிடுவதால் முளையின் தலை சற்றே வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். விரல் வைத்தால் தட்டுப்படும். அச்சில் வார்த்ததுபோல் உருண்டையாக, மட்டமாக நிற்கும் முளை எனக்கு உடனே சந்தேகம் தரும்.

பலகையின் பின்புறமும் பேசும். ஓக் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆரவாக்கில் பிளந்து பலகை எடுப்பது அக்கால வழக்கம். கேக் துண்டுபோல ஒரு விளிம்பு தடித்து, மறு விளிம்பு மெலிந்திருக்கும். காடியில் நுழைவதற்காகப் பின்புற ஓரங்களைச் சரிவாகச் சீவியிருப்பார்கள். அப்படிப் பிளந்த முகத்தில்தான் வெள்ளிபோல மின்னும் ஆரக்கீற்றுகள் தெரியும். குழியில் நின்று இழுத்த கைரம்பத்தின் தடம் நேர்கோடாக இருக்கும். வட்டரம்பத்தின் வளைந்த தடம் தெரிந்தால், அந்தப் பலகை 19-ஆம் நூற்றாண்டிலோ அதன் பிறகோ அறுக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

எங்களிடம் வந்த பெட்டகம் இந்தச் சோதனைகளிலெல்லாம் தேறியது. முளைகள் துருத்தியிருந்தன, பலகைகள் பிளந்தவை, பின்புறம் கரடுமுரடானது. பிறகு நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு செதுக்கலை நெருங்கிப் பார்த்தபோது, பூவேலையின் பள்ளத்தில் அரைக்குழாய் போன்ற மெல்லிய வாய்க்கால்கள் தெரிந்தன. மரத்தை அரிக்கும் வண்டு வெளியேறும் துளை வட்டமாக, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். அதன் சுரங்கம் மரத்துக்குள்ளேதான் ஓடும். சுரங்கம் நீளவாக்கில் திறந்து கிடக்கிறது என்றால், உளுத்துப்போன பிறகு யாரோ அந்த இடத்தைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பெட்டகம் உண்மையானது, பூவேலையும் 1641-உம் பிற்காலத்தவை. விக்டோரியா காலத்தில் பழமை மோகம் பெருகியபோது, எளிய பழைய பெட்டகங்களைச் செதுக்கி, கறுப்புச் சாயம் பூசி விற்றது பரவலான வழக்கம். உண்மையில் செய்த புதிதில் ஓக் தேன் நிறமாகத்தான் இருந்தது. அந்தப் பழைய காலத்தில் பல சாமான்களுக்கு வண்ணமும் தீட்டியிருந்தார்கள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ 1590-ஐச் சேர்ந்த கிரேட் பெட் ஆஃப் வேர் கட்டிலில் அந்த வண்ணத்தின் எச்சங்கள் இன்றும் தெரிகின்றன.

வெடிப்பின் காரணமும் உட்புறத்தில்தான் இருந்தது. முன்பு பழுது பார்த்த ஒருவர், பலகை ஆடுகிறதே என்று காடி முழுவதும் வெள்ளைப் பசையை ஊற்றி இறுக்கியிருந்தார். வெப்பமூட்டிய அறையின் வறண்ட காற்றில் பலகை சுருங்கியது. இரு விளிம்பும் சிக்கிக்கொண்டதால் நடுவே கிழிந்தது. பலகை ஆடுவது குறையே அல்ல, அது ஆடத்தான் வேண்டும். இதே கவனக்குறைவோடு பலர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உளியின் தடத்தையும் நூற்றாண்டுகளாகப் படிந்த மெருகையும் ஒரே மாலையில் அழித்துவிடுகிறார்கள். தேய்க்கப் பயன்படும் மெல்லிய இரும்பு இழைச் சுருளையும் தவிர்த்துவிடுங்கள். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருப்பதால், சிக்கிக்கொண்ட இரும்புத் துணுக்கு ஈரம் பட்டதும் கருநீலக் கறையாக ஊறிவிடும். மென்தூரிகையால் தூசி தட்டி, ஆண்டுக்கொருமுறை மிகச் சிறிதளவு தேன்மெழுகு தேய்த்தால் போதும். பெட்டகத்தை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஒட்டி வைக்காதீர்கள். வண்டுத் துளைகளுக்குக் கீழே வெளிர்நிறப் புதுத்தூள் விழுந்திருந்தால் மட்டும் உடனே யாரிடமாவது காட்டுங்கள்.

காடியிலிருந்த பசையைச் சுரண்டி எடுக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. வெடிப்பைப் பின்னாலிருந்து இரண்டு மெல்லிய துணிப்பட்டைகளால் தாங்கி, முன்புறம் நிரப்பாமல் விட்டேன். ஆண்டைப் பற்றிச் சொன்னதும் உரிமையாளரின் முகம் வாடியது. விளக்கை அவர் கையில் கொடுத்து, பலகையின் பின்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.