துவிச்சக்கரவண்டிக்கு வந்த பணம்

கொழும்பில் இயங்கும் நலன்புரிச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் அன்னதான நிதியங்கள் போன்றவற்றின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழிலில் ஒரு பகுதி. வங்கிக் கூற்றைத் திகதிவாரியாகச் சரிபார்க்கும்போது, அந்தந்த மாதத்தில் சங்கம் அனுப்பிய வேண்டுகோள் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். கொடுக்கிறவர்களின் மனம் எந்தத் தகவலுக்கு இளகுகிறது, எதைக் கடந்து போகிறது என்பதை அந்த இரண்டு தாள்களும் சேர்ந்து காட்டிவிடும்.

வெள்ளவத்தையில் ஒரு சங்கத்தின் கோப்பில் இரண்டு கடிதங்கள் அடுத்தடுத்து இருந்தன. முதலாவதில் பாடசாலையிலிருந்து இடைவிலகும் மாணவர்களின் தொகை மாவட்டவாரியாக அட்டவணையிடப்பட்டிருந்தது. கவனமாகத் தயாரித்த கடிதம். வழமையான உறுப்பினர்களின் சில காசோலைகளைத் தவிர வேறெதுவும் வரவில்லை. இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். முல்லைத்தீவு மாவட்டத்தில் எட்டாம் தரத்தில் படிக்கும் ஒரு சிறுமி, அவள் போகும் வழியில் பஸ் இல்லை, துவிச்சக்கரவண்டி ஒன்று வேண்டும், விலை இவ்வளவு. அந்த வாரத்து வங்கிக் கூற்று அடுத்த பக்கத்துக்கும் நீண்டிருந்தது. இரண்டாயிரம், ஐயாயிரம் என்று சிறு சிறு வைப்புகள். குறிப்புப் பகுதியில் பலர் ‘பிள்ளையின் சைக்கிளுக்கு’ என்றே எழுதியிருந்தார்கள்.

உளவியலாளர்கள் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்டைன், போல் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களிடம் 5 டொலர் கொடுத்து, அதில் விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஆபிரிக்காவின் பஞ்சம் பற்றிய புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டொலர் கொடுத்தார்கள். மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் கொடுத்தது 2.38 டொலர். சிறுமியின் கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 டொலரோடு நின்றுவிட்டார்கள். இலட்சக்கணக்கானோரின் பசி என்று கேட்டவுடன், ‘என் பணம் எந்த மூலைக்குக் காணும்’ என்ற சோர்வு வந்துவிடுகிறது. கடிதம் எழுதும் செயலாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கொடுக்கிற நாமும் அறிந்திருக்க வேண்டும். கதை சொல்லப்படாத பிள்ளைக்கும் அதே தேவை இருக்கிறதே.

அந்தத் துவிச்சக்கரவண்டிக்கு வருவோம். ஒன்றுக்குக் கேட்டார்கள், பலவற்றுக்குப் போதுமான பணம் சேர்ந்துவிட்டது. மிகுதியை என்ன செய்வது? செயற்குழுவில் ஒருவர் பொது நிதியில் சேர்க்கலாம் என்றார், இன்னொருவர் மண்டபத் திருத்த வேலைக்கு எடுக்கலாம் என்றார். குறித்த நோக்கத்துக்காகத் தரப்பட்ட பணத்தை அப்படி மாற்ற முடியாது. கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். 2004 சுனாமி வந்து சில நாட்களிலேயே, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு தன் சுனாமிப் பணிக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இனி அதற்காக அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வந்த மிகுதியை வேறு அவசரப் பணிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடம் அனுமதியும் கேட்டது. ‘இத்தேவை நிறைவேறிய பின் வரும் பணம் இதேபோன்ற வேறு மாணவர்களுக்குச் செலவிடப்படும்’ என்ற ஒரு வரியைக் கடிதத்திலேயே சேர்த்தால் இந்தச் சிக்கல் எழாது. நான் கணக்குப் பார்க்கும் எல்லாச் சங்கங்களிடமும் இந்த வரியை வற்புறுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் வற்புறுத்துகிறேன். ஒரு பிள்ளையின் நிலையைச் சொல்ல அதன் பெயர், முகம், பாடசாலை எதுவும் தேவையில்லை. சீருடையோடு எடுத்த படம் வட்ஸ்அப்பில் பல வருடங்கள் சுற்றும். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் சுற்றும். கொடுக்கிறவருக்கு வேண்டியது என்ன தேவை, எவ்வளவு, எப்போது முடியும் என்ற தெளிவுதான். 2016 இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் ‘பெற் ஸ்கான்’ (PET scan) எனும், உடலில் புற்றுநோய் இருக்கும் இடத்தைக் காட்டும் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபாய் வேண்டும் என்ற வேண்டுகோள் நாடெங்கும் போனது. பொதுமக்கள் கொடுத்தே அந்தத் தொகை சேர்ந்தது. ஒரு பொருளும் அதன் விலையும் எல்லோருக்கும் விளங்கின.

‘ஒரு சதமும் நிர்வாகச் செலவில்லை’ என்று கடிதத் தலைப்பிலேயே அச்சடிக்கும் சங்கங்களும் உண்டு. இந்த வாக்கியத்துக்கு நன்கொடையாளர் மயங்குவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிடவும், உலர் உணவுப் பொதிகளை லொறியில் ஏற்றி அனுப்பவும், கணக்கு எழுதவும் பணம் வேண்டும். அதை மறைத்தால் முதலில் கெடுவது கணக்கு. இதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பொருளியலாளர் யூரி நீசியும் வேறு இரு ஆய்வாளர்களும் 2014 இல் வெளியிட்ட ஆய்வில் 40,000 பேருக்கு வேண்டுகோள் அனுப்பப்பட்டது. நிர்வாகச் செலவை ஒரு கொடையாளர் ஏற்கெனவே ஏற்றுவிட்டார் என்று அறிந்தவர்களிடமிருந்தே கூடுதல் பணம் வந்தது. வசதியான உறுப்பினர் ஒருவரோ இருவரோ அந்தச் செலவை ஏற்று, சங்கம் அதை வெளிப்படையாக எழுதலாம்.

நோயாளிகளுக்கான வேண்டுகோள்கள் தினமும் கைப்பேசிக்கு வருகின்றன. பார்த்த கணத்திலேயே மனம் உருகுவது நல்ல குணம், அதை யாரும் இழக்க வேண்டாம். ஆனால் உருக்கமான படமும் குரல்பதிவும் வந்தால் அனுப்பும் முன் சிலவற்றைப் பாருங்கள். வைத்தியசாலைக் கடிதத்தில் திகதி இருக்கிறதா? வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? இதுவரை எவ்வளவு சேர்ந்தது? சத்திரசிகிச்சை முடிந்துவிட்ட பின்னும் பழைய வேண்டுகோள் சுற்றிக்கொண்டிருப்பது வழமையாகிவிட்டது. சங்கமாக இருந்தால் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்வதற்கென 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

கொடுத்த பிறகு வரும் தகவலைத்தான் நம் சங்கங்கள் அடியோடு மறந்துவிடுகின்றன. பணம் கேட்க நான்கு செய்தி அனுப்புவார்கள், வாங்கிக் கொடுத்ததைச் சொல்ல ஒன்றும் வராது. அந்த வெள்ளவத்தைச் சங்கம் மட்டும் துவிச்சக்கரவண்டிகளின் கொள்வனவுச் சீட்டைப் படமெடுத்து, பிள்ளைகளின் பெயர்களை மறைத்து, பணம் வைப்பிட்ட அனைவருக்கும் அனுப்பியது. அடுத்த வருடம் மறுபடியும் அட்டவணையோடு ஒரு கடிதம் போனது. முந்திய வருடம் சைக்கிளுக்குக் கொடுத்தவர்களில் கணிசமானோர் இம்முறை அட்டவணைக்கும் கொடுத்திருந்தார்கள்.