ஒயின் பழகுகிறீர்களா? பல்லையும் கொஞ்சம் கவனியுங்கள்

பெங்களூரில் பல் மருத்துவராக இருந்தால், ஊருக்குள் எந்தப் புதுப் பழக்கம் வந்தாலும் கொஞ்ச காலத்தில் அது யாருடைய வாயிலாவது தெரிந்துவிடும். இப்போது ஒயின். வார இறுதியில் நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குப் போய் டேஸ்டிங் முடித்து வருகிறார்கள், நாசிக் வரை போகிறவர்களும் உண்டு, அப்புறம் வீட்டிலேயே நண்பர்கள் சேர்ந்து நாலைந்து பாட்டிலைத் திறந்து வைத்துப் பழகுகிறார்கள். அவர்களில் சிலர் பிறகு "ஜில்லுனு எதுவும் குடிக்க முடியல டாக்டர், ஜிவ்வுனு கூசுது" என்று வந்து உட்காருவார்கள். பார்த்தால் சொத்தை இருக்காது, ஈறும் நன்றாக இருக்கும். முன்பற்களின் நுனி மட்டும் வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெலிந்திருக்கும். புளிப்பாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் எலுமிச்சை, கோலா என்று யோசிப்பார்கள். ஒயினைச் சொல்லவே மாட்டார்கள்.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு ஒயினுக்குப் பெரும்பாலும் 3-லிருந்து 4-க்குள் இருக்கும், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்குவது சுமார் 5.5-க்குக் கீழே. அந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது, அதனால் இது சின்ன இடைவெளி இல்லை. வெள்ளை ஒயினும் நுரைக்கும் ஒயினும் பொதுவாகச் சிவப்பைவிடப் புளிப்பு அதிகம். சாதாரணமாகச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடித்தால் உமிழ்நீர் பார்த்துக்கொள்ளும், அமிலத்தைச் சமன்செய்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். ஆனால் டேஸ்டிங் என்றால் என்ன செய்கிறோம்? ஒரு வாய் எடுத்து உள்ளேயே வைத்து, கொப்பளித்து, காற்றை உறிஞ்சி, துப்பிவிட்டு, இரண்டு நிமிஷத்தில் அடுத்த கிளாஸ். உமிழ்நீர் வேலையை ஆரம்பிக்கும்போதே மறுபடி அமிலம்.

"நான்தான் துப்பிவிடுகிறேனே" என்பார்கள். துப்புவது நல்ல பழக்கம், பல ஒயின்களைச் சுவைத்துப் பார்க்கப் போகிறவர்கள் கூச்சப்படாமல் துப்ப வேண்டும். ஆனால் அதில் தப்பிப்பது கல்லீரலும் தலையும், பல் அல்ல. ஸ்வீடனில் தொழில்முறை ஒயின் சுவைஞர்களைப் பரிசோதித்தபோது அவர்களில் பெரும்பாலோருக்கு எனாமல் அரிப்பு இருந்தது. அவர்கள் அத்தனை பேரும் துப்பத் தெரிந்தவர்கள்தான்.

இந்தக் கொப்பளிப்பு அவ்வளவு நேரம் தேவையும் இல்லை, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது இதைத்தான். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று ஒரு படம் பார்த்திருப்பீர்கள். 1901-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய படம் அது. நாக்கில் சுவை மொட்டு உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும், ஆகவே ஒயினை மூலைமுடுக்கெல்லாம் சுழற்றியடிக்க வேண்டியதில்லை. பழ வாசனை, மிளகு வாசனை, மர வாசனை என்று சொல்வதெல்லாம் நாக்கின் வேலையே அல்ல, தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்குப் போவது. சந்தேகமாக இருந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சோம்பை மென்று பாருங்கள், லேசான இனிப்பு மட்டும்தான் தெரியும். விரலை எடுத்ததும்தான் அது சோம்பு. ஒயினும் அப்படித்தான். முதலில் கிளாஸை நன்றாக முகர்ந்து பாருங்கள், பிறகு ஒரு ஸ்பூன் அளவு எடுத்து ஒருமுறை நாக்கில் பரவவிட்டு, விழுங்கியோ துப்பியோ, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். தெரிய வேண்டியதெல்லாம் அந்த மூச்சில் தெரியும்.

சிவப்பு ஒயின் குடித்ததும் வாய் காய்ந்து பிடித்திழுப்பது போல இருக்கிறதே, அது டானின் என்ற துவர்ப்புப் பொருள் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வருவது. தொடர்ந்து நாலு சிவப்பு குடித்தால் வழவழப்பே போய் எல்லாம் ஒரே துவர்ப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் இடையில் வெறும் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி, இருந்தால் சீஸ், கொஞ்சம் இடைவெளி. இது நாக்குக்கும் நல்லது, பல்லுக்கும் நல்லது. சீஸில் கால்சியம் இருக்கிறது, மெல்லும்போது உமிழ்நீரும் ஊறும்.

டேஸ்டிங்குக்குப் போகும் முன் உடனே பல் தேய்க்காதீர்கள். பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இனிப்பை அமுக்கிக் கசப்பைத் தூக்கிக் காட்டும், நல்ல ஒயினும் நாராசமாக இருக்கும். முடித்து வந்ததும் தேய்க்காதீர்கள் என்பது அதைவிட முக்கியம். அமிலத்தில் ஊறி மிருதுவாகியிருக்கும் எனாமலில் பிரஷ் போட்டால் அதையும் சேர்த்துத் தேய்த்தெடுத்துவிடுவீர்கள். தண்ணீரால் கொப்பளித்து, ஒரு மணி நேரம் விட்டு, மெதுவாகத் தேய்க்கலாம். அவ்வளவு நேரம் விழித்திருக்க முடியாதவர்கள், தூங்கும்போது உமிழ்நீர் குறைவு என்பதால், கடைசி கிளாஸைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வதே நல்லது.

கறையைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள், எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ஸ்கேலிங்கும் பாலிஷும் செய்தால் கறை போய்விடும். போன எனாமல் முளைக்காது. கறையை எடுக்க எலுமிச்சையையும் கரித்தூள் பேஸ்ட்டையும் போட்டுத் தேய்த்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறெரிகிறது.

"சரக்கு இல்லையே, ஒயின்தானே" என்பதற்கும் ஒரு வார்த்தை. 13 சதவீத ஒயின் 150 மில்லி குடித்தால் ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால், அதாவது பெக்குக்கு 30 மில்லி என்ற கணக்கில் ஒன்றரை பெக் விஸ்கி. மதுபானங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது, வாய்ப் புற்றுநோயும் அதில் அடக்கம். கூடவே சிகரெட்டோ, பான் பராக் வகையறாவோ இருந்தால் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. டேஸ்டிங்கில் கிளாஸுக்கு நடுவே வெளியே போய் ஒரு தம் போடுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. இதயத்துக்கு நல்லது என்று ஆரம்பிக்கிறவர்கள் அந்தக் காரணத்தை விட்டுவிடலாம், பிடித்திருந்தால் அளவாகக் குடியுங்கள், மருந்தாக வேண்டாம்.

மாத்திரை விஷயமும் உண்டு. பல் வலிக்கும் சீழுக்கும் நாங்கள் அடிக்கடி எழுதுவது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக். அதைச் சாப்பிடும் நாட்களிலும், முடித்த பிறகு மூன்று நாளும் ஒயின் உட்பட எந்த மதுவும் கூடாது. சிலருக்கு முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு என்று வரும். பல் பிடுங்கிய அன்றும் மறுநாளும் வேண்டாம். பல்லை வெளுப்பாக்க ப்ளீச்சிங் செய்திருந்தால் சிவப்பு ஒயினுக்கு இரண்டு நாள் விடுப்பு.

அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது, நாங்கள் கேட்காவிட்டாலும், ஒயின் பழகுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டோம். பல் நுனிகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்போம், தேவைப்பட்டால் ஃபுளூரைடு பூசிவிடுவோம்.