மூத்த சாளை எங்கே?

குளச்சல் கரையில் விடியற்காலையில் கூடைக்கு ஐம்பது சாளை மீன் (மத்தி) எடுத்து, அளவுப் பலகையில் வைத்து நீளம் குறிப்பது என் வேலை. போன வாரம் அளந்ததில் 15 செ.மீ. தாண்டியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவற்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் சினையே இல்லை.

"வரும்போது அள்ளிக்கிடணும் சார், நாளைக்கு எந்தக் கரைக்குப் போவுமோ" என்றார் ஒரு படகுக்காரர். அவர் பயம் நியாயமானது. தென்மேற்குப் பருவக்காற்று அடியில் கிடக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்தால் நுண்பாசி பெருகும், அதைத் தின்று குஞ்சு தேறும். பருவம் பிசகினால் அந்த வருடக் குஞ்சு தேறாது. யாரும் வலை வீசாவிட்டாலும் சாளையின் எண்ணிக்கை ஏறி இறங்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க ஒரு கையிருப்பு வேண்டும். சாளைக்கு ஆயுள் சுமார் இரண்டரை வருடம். போன வருடத்து மீன் கடலில் மிச்சமிருந்தால், இந்த வருடக் குஞ்சு தவறினாலும் அடுத்த பருவத்தில் அது முட்டையிடும். பத்தாயத்து விதைநெல் மாதிரி. நாம் அந்த மூத்த மீனைத்தான் முதலில் அள்ளிவிடுகிறோம். அப்புறம் மொத்தக் கூட்டமும் ஒரே பருவத்தை நம்பி நிற்கிறது. கலிபோர்னியாக் கடலில் பல பத்தாண்டுகளாக எடுத்துவரும் மீன்குஞ்சுக் கணக்கிலும், நாம் பிடிக்கும் இனங்கள் பிடிக்காத இனங்களைவிட அதிகம் ஏறி இறங்குவது தெரிந்தது.

கேரளத்தில் 2012இல் சுமார் 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021இல் 3,297 டன். எல்லோரும் 2015 எல் நினோவை, அதாவது பசிபிக் கடல் சூடேறி நம் பருவத்தையும் குலைத்ததைக் கைகாட்டுகிறார்கள். ஆனால் 2014லேயே பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டதே! கையிருப்பு கரைந்த பிறகுதான் எல் நினோ வந்தது, அதனால்தான் அடி அவ்வளவு பலமாக விழுந்தது என்பது என் கருத்து.

பருவம் பொய்த்த வருடத்தில் வலையைக் குறைக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். மீன் இல்லையென்று இன்னும் சிறிய கண்ணி உள்ள வலைக்கு மாறுகிறார்கள், அகப்படும் பொடி கோழித்தீவனத்துக்கு லாரி ஏறுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கத் தடை இருக்கிறது. அது நல்ல தொடக்கம், ஆனால் சினைபிடிக்க அது இன்னும் 4, 5 செ.மீ. வளர வேண்டும். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சாளையை மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.