ஹீட்டர் வாங்கும் முன் கூலரைப் பாருங்கள்

தீபாவளி முடிந்த கையோடு டெல்லித் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: எந்த ஹீட்டர் வாங்கலாம்? கட்டடங்களின் மின் பயன்பாட்டைத் தணிக்கை செய்வது என் தொழில் என்பதால் கேட்கிறார்கள். ஹீட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சன்னலில் நிற்கும் ஏர் கூலரைக் கவனியுங்கள் என்பதே என் பதில்.

கோடையில் சன்னல் கதவைக் கழற்றிவிட்டுக் கூலரைப் பொருத்துகிறோம். அக்டோபரில் தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளுவதற்கென்றே செய்த பெட்டி அது. மோட்டார் நின்றாலும் வழி திறந்தேதான் இருக்கிறது. ஜனவரி இரவில் அந்த வழியாக வருவது ஐந்து, ஆறு டிகிரிக் காற்று. 2021 புத்தாண்டு அன்று அதிகாலையில் டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம்.

சென்ற குளிர்காலத்தில் ஆர்.கே.புரத்தில் ஓர் அரசுக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். இரண்டு ஹீட்டர் ஓடியும் வீட்டுப் பாட்டியின் கால் சில்லென்றே இருக்கிறது என்றார்கள். பூஜை மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை வாங்கி ஏற்றினேன். "சாமிக்கு ஏற்றுவதை வைத்து என்ன தம்பி பார்க்கிறாய்?" என்று பாட்டி கேட்டார். காற்று வரும் வழியை அது காட்டிக்கொடுக்கும் என்றேன். கூலரின் அருகே பத்தியைப் பிடித்ததும் புகை மேலே எழாமல் படுத்துக்கொண்டு அறைக்குள் ஓடியது. வாசற்கதவுக்கு மேலிருந்த வெண்டிலேட்டரில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அதில் செருகியிருந்த அட்டை மழையில் வளைந்து இரண்டு விரற்கடை இடைவெளி விட்டிருந்தது. பத்தியை அங்கே உயர்த்தியதும் புகை அந்த இடைவெளியை நோக்கி இழுபட்டு வெளியே போனது. குளிர்ந்த காற்று கீழே நுழைகிறது, சூடான காற்று மேலே வெளியேறுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதைப் போல இரண்டு ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தன.

கூலரின் வெளிப்பக்கத்தைத் தார்ப்பாயால் இறுகக் கட்டினார்கள். உட்பக்கத்தில் தெர்மாகோல் பலகையை அளவாக வெட்டி வைத்து ஓரங்களை டேப்பால் ஒட்டினார்கள். வெண்டிலேட்டருக்குப் புதுக் கண்ணாடி, கதவின் அடியில் ரப்பர் பட்டை, சன்னல் விளிம்புகளில் ஃபோம் டேப். எல்லாம் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. மொத்தச் செலவு ஒரு நல்ல ஹீட்டரின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அதன்பின் ஒரு ஹீட்டரே போதுமானதாக இருந்தது. விண்டோ ஏசி இருக்கிற வீடுகளில் அதைச் சுற்றியுள்ள இடைவெளியையும் இப்படியே பாருங்கள். சமையலறையிலும் கேஸ் கீசர் உள்ள குளியலறையிலும் மட்டும் காற்றுவழியை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. வெயில் என்றால் திரையை இழுத்துவிட வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் சென்னையில் ஐம்பத்து மூன்று டிகிரி உயரத்தில் நிற்கும், டெல்லியில் முப்பத்தெட்டுதான். அவ்வளவு தாழ்ந்த வெயில், சன்ஷேடு குறுக்கிடாவிட்டால், ஏழடி உயரமுள்ள தெற்குச் சன்னல் வழியாக ஒன்பதடி தூரம் தரையில் விழும். பைசா செலவில்லாத ஹீட்டர் அது. தெற்குப் பக்கத் திரைகளைக் காலை பத்து மணிக்குத் திறந்து, நான்கு மணிக்குள் கனமான திரையால் மூடிவிடுங்கள். ஜனவரி மதியம் வெளியே இருபது டிகிரி இருக்கும்போது, இரவெல்லாம் குளிர்ந்த செங்கல் சுவர்களால் வீட்டுக்குள் அதைவிடக் குளிராக இருப்பது சாதாரணம். ஆகவே பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை சன்னல்களைத் திறப்பதும் நல்லதுதான். அதிகாலையையும் மாலையையும்விட அந்நேரம் காற்று மாசும் பொதுவாகக் குறைவு. சூரியனே தெரியாத மூடுபனி நாட்களில் இதெல்லாம் பொருந்தாது. அன்று எல்லாவற்றையும் மூடியே வையுங்கள்.

தரைக்குப் பவானி ஜமக்காளம் ஒன்று போதும். மொசைக் தரை காலிலிருந்து சூட்டை உறிஞ்சுவது அத்துடன் பெருமளவு நின்றுவிடும். பழசானாலும் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையைத் தூக்கிப் போடாதீர்கள். குளிர் தொடங்கும்போது தெருவில் வரும் பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்தால், கட்டிதட்டிய பஞ்சு மீண்டும் உப்பிவரும். கதகதப்பைத் தருவது பஞ்சின் இடையில் அடைபட்ட காற்றுதான்.

இனி ஹீட்டர். குழாய் சிவந்து ஒளிரும் குவார்ட்ஸ், சூடான காற்றை ஊதும் புளோயர், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் என எதை வாங்கினாலும் ஒரு யூனிட் மின்சாரம் ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். விலை கூடிய மாடல் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற பேச்சில் உண்மை இல்லை. வேறுபாடு பயன்பாட்டில்தான். அரை மணி நேரம் படிக்க உட்காருபவருக்கு எதிரே வைக்கும் குவார்ட்ஸ் போதும். குழந்தை தூங்கும் அறைக்கு, குறித்த சூட்டை எட்டியதும் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள எண்ணெய் ஹீட்டர் பாதுகாப்பானது. உண்மையில் சிக்கனமானது சூடும் குளிரும் தரும் இன்வெர்ட்டர் ஏசி. வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே கொண்டுவருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தரும். அடுத்த கோடைக்கு ஏசி வாங்கவிருப்பவர்கள் இதை யோசிக்கலாம். தூங்கும்போது அறை முழுவதையும் சூடாக்கத் தேவையே இல்லை. 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 16 யூனிட். 100 வாட் மின்போர்வைக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. கைக்குழந்தைகளுக்கும், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் மின்போர்வை வேண்டாம்.

2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். அதை 16 ஆம்பியர் பாயிண்டில்தான் செருக வேண்டும். ஆறு ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, உருகிப்போன பிளக்கை யாராவது எனக்குக் காட்டாத குளிர்காலமே கிடையாது.

மின் கட்டணத்தில் பலர் கவனிக்காத ஒரு படி இருக்கிறது. டெல்லி அரசின் மானியத்துக்குப் பதிவு செய்த வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை. 400 வரை பாதிக் கட்டணம், மானியத்தின் உச்சவரம்பு 800 ரூபாய். 400-ஐத் தாண்டினால் மானியம் முழுவதும் போய்விடும். மாதம் 245 யூனிட் செலவாகும் வீட்டில் 2,000 வாட் ஹீட்டரைத் தினம் மூன்று மணி நேரம் போட்டால் 425 ஆகிறது. அதில் அரை மணி நேரத்தைக் குறைத்தால் 395. கைவிட்டுப் போகும் மானியத்தையும் சேர்த்தால், அந்த அரை மணி நேரத்தின் விலை மாதம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். முனிர்காவிலும் லக்ஷ்மி நகரிலும் வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்த மானியம் எட்டுவதே இல்லை. வீட்டு உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துவிடுகிறார். அவர்களுக்குத்தான் ஓட்டை அடைப்பதும் ரஜாயும் மிக முக்கியம்.

எலெக்ட்ரிக் ஹீட்டர் அறையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். அது தவறு. அங்கே எதுவும் எரிவதில்லை, காற்று வறண்டுபோவதுதான் தொல்லை. பயப்பட வேண்டியது அங்கீட்டி என்னும் கரியடுப்பைக் கண்டு. கரியில் புகை அடங்கிக் கனல் மட்டும் சிவந்திருப்பதைப் பார்த்து, இனி ஆபத்தில்லை என்று அறைக்குள் எடுத்து வைக்கிறார்கள். அந்தக் கனலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. மணமில்லை, நிறமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்துகொள்ளும். தூக்கத்தில் தலைவலியைக்கூட உணராமல் இறந்துபோகிறார்கள். டெல்லியில் இப்படி உயிர் போகாத குளிர்காலம் இல்லை. கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். மூடிய அறையில் இருந்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி என்றால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், உடனே 112-ஐ அழையுங்கள்.

இப்படி இறப்பவர்களில் வாயிற்காவலர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் உண்டு. காற்று மாசு கூடும்போது நடைமுறைக்கு வரும் கட்டுப்பாடுகளில், காவலர்கள் குப்பையையும் விறகையும் எரிக்காமல் இருக்கக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்கித் தர வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறது. டிசம்பருக்கு முன் நடக்கும் சங்கக் கூட்டத்தில், உங்கள் வளாகக் காவலருக்கு அது கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். காவலறையில் அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.