சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஒலியைக் குறைத்துப் பயனில்லை

சென்ற வாரம் ஒருவர், மறைந்த தம் தாயார் பாடிய தாலாட்டுகளைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். கணினியில் திறந்ததும் மனம் கனத்துவிட்டது. மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய அலைவடிவம், மேலும் கீழும் அரிவாளால் சீவியதுபோல் தட்டையாக நின்றது. ‘ஆராரோ’ என்று குரல் எழும்பிய இடமெல்லாம் கரகரத்தது. “சவுண்டைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் அல்லவா?” என்று அவர் கேட்டார். இதே கேள்வியை இந்த ஆண்டு பலரிடமிருந்து கேட்டுவிட்ட வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

சரியாகாது. 16 பிட் பதிவில் ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்தெடுக்கும் ஒவ்வொரு மாதிரியும் 65,536 மதிப்புகளுள் ஒன்றாகவே எழுதப்படும். மேல் எல்லை 32,767. அதைத் தாண்டி வரும் ஒலி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கருவி 32,767 என்றே மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டு போகும். இதைத்தான் ஒலிப்பதிவு செய்யும் நாங்கள் ‘கிளிப்பிங்’ என்கிறோம்; பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிவது இதைக் காட்டத்தான். குரல் உண்மையில் எட்டிய உயரம் கோப்பில் எங்குமே பதிவாகவில்லை. பிறகு வால்யூமைக் குறைத்தால் தட்டையான முகடு தட்டையாகவே தாழும். கரகரப்பு மெல்லக் கேட்குமே தவிர மறையாது. கெயின் என்பது பதிவாவதற்கு முன் மைக்கின் சமிக்ஞையைக் கூட்டிக் குறைப்பது. வால்யூம் என்பது பதிவானதைக் கேட்கும் அளவு. இரண்டும் ஒன்றென்று எண்ணுவதிலிருந்தே இத்தனை இழப்பும் தொடங்குகிறது.

வெட்டுப்பட்ட முகட்டை நிரப்பும் மென்பொருள்கள் உண்டு. அவை அக்கம்பக்கத்து அலையைப் பார்த்து ஊகிக்கின்றன. ஓரிரு சொற்களுக்கு உதவும், பாட்டு முழுவதற்கும் உதவாது.

நாடாவில் பதிந்த காலத்தில் அதன் இரைச்சலை வெல்வதற்காக அளவைத் தூக்கி வைத்தோம்; நாடாவும் எல்லை மீறலை ஓரளவு மென்மையாகத் தாங்கிக்கொண்டது. அந்தப் பழக்கத்தை டிஜிட்டல் பதிவுக்குக் கொண்டுவராதீர்கள். 24 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மேல் எல்லைக்கும் இடையிலான வீச்சு கோட்பாட்டளவில் ஏறத்தாழ 144 டெசிபெல் என்பதால், உச்ச ஒலி –12 டெசிபெல்லில், அதாவது மேல் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே, நின்றாலும் தரத்தில் நீங்கள் இழப்பது எதுவுமில்லை.

சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை, பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குரலுக்கு 44,100 தாராளம், வீடியோவுடன் சேர்ப்பதானால் 48,000. அழுத்திச் சுருக்கிய எம்பி3 கோப்பை, அழுத்தாத வடிவமான வேவ் ஆக மாற்றினால் தரம் திரும்பிவிடும் என்று நம்பாதீர்கள்: அழுத்தும்போது கழித்துவிட்டது கழித்ததுதான், கோப்பின் பருமன் மட்டுமே கூடும். தொடக்கத்திலேயே வேவ் ஆகப் பதியுங்கள். 24 பிட், 48,000, மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி தான் ஆகும்.

பாடுபவரை முதலில் உச்சக் குரலில் ஓரடி பாடச் சொல்லி, அதற்கேற்பக் கெயினை அமையுங்கள். ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தொடருங்கள். வயதானவர்களை மறுபடி பாடச் சொல்ல எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. அந்த ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். மூலக் கோப்பைத் தொடாமல், பிரதியில் மட்டும் எடிட் செய்யுங்கள்.

அந்தத் தாயார் களைத்துப்போய்த் தணிந்த குரலில் பாடிய கடைசிப் பாட்டு மட்டும் வெட்டுப்படாமல் இருந்தது. அதைத் தனியே எடுத்து, மின்விசிறியின் இரைச்சலைக் குறைத்து, அவரிடம் கொடுத்தனுப்பினேன்.